பெரிய சொற்களும் உரிய சொற்களும்: நம் பிள்ளைகள் எந்த ஆங்கிலத்தைக் கற்க வேண்டும்?

புதுக்கோட்டை மாவட்டம் ஜெகதாப்பட்டினத்திலிருந்து சென்ற விசைப்படகு ஒன்று நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டால், அதில் இருந்தவர்கள் ஊர்காவற்றுறை போன்ற வடபகுதி நீதிமன்றம் ஒன்றில் நிறுத்தப்பட்டு, யாழ்ப்பாணச் சிறையில் அடைக்கப்படுவது வழக்கம். அங்கே நீதிமன்றத்தின் மொழி தமிழ். 1988இல் இலங்கை அரசமைப்பில் செய்யப்பட்ட 16ஆம் திருத்தம் இதற்கு வழி செய்தது. அதே மீனவரை மீட்கக் கோரி அவருடைய குடும்பம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தால், மனு ஆங்கிலம், பிரமாணப் பத்திரம் ஆங்கிலம், உத்தரவும் ஆங்கிலம். தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது என்ற குறிப்பின் கீழ் மனைவி கையொப்பமிடுகிறார். அந்தக் குறிப்பும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அயல்நாட்டு நீதிமன்றத்தில் தன் வழக்கு புரிகிறது. சொந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றத்தில் புரியவில்லை.

ஜெகதாப்பட்டினத்திலும் அதைச் சுற்றியுள்ள சேரிகளிலும் கல்லூரி மாணவர்களுக்கு நாங்கள் மாலை நேரத்தில் சட்ட அறிமுக வகுப்பு எடுத்தபோது, அவர்கள் எங்களிடம் முதலில் கேட்டது சட்டத்தை அல்ல, ஆங்கிலத்தை. அதிலும் 'பெரிய ஆங்கிலத்தை'. கைப்பேசியில் நாளொன்றுக்குப் பத்து அரிய சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். செஸ்க்விபிடேலியன் என்ற சொல்லுக்குப் பொருள் சொன்ன மாணவி ஒருவர், தன் தந்தையின் வழக்கில் வந்த உத்தரவைப் படித்துச் சொல்ல முடியாமல் எங்களிடம் நீட்டினார். இந்த இடைவெளி அந்த மாணவியின் குறையன்று. அவருக்கு எந்தச் சொற்கள் விற்கப்படுகின்றன, எவை மறைக்கப்படுகின்றன என்பதே நம் கேள்வி.

அரிய சொற்கள் மீதான இந்த ஆசையை எள்ளி நகையாடுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. ஆங்கிலம் நம் முன்னோடிகளுக்கு அலங்காரமாக இருந்ததில்லை. 1854இல் வெளிவந்த 'காவ்ய ஃபுலே' தொகுப்பிலேயே சாவித்திரிபாய் ஃபுலே ஒடுக்கப்பட்டோரை ஆங்கிலம் கற்கச் சொன்னார். இரட்டைமலை சீனிவாசனும் அம்பேத்கரும் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் கோரிக்கைகளை முன்வைத்தபோது, இடைத்தரகர் எவரும் தேவைப்படவில்லை. 2010இல் உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் சந்திரபான் பிரசாத் ஆங்கில தேவிக்குக் கோயில் எழுப்ப முனைந்ததும் இதே தாகத்தின் இன்னொரு வடிவம். அந்த வழிமுறையில் நமக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். தாகம் பொய்யன்று.

ஆனால் சொற்களஞ்சியம் என்ற பெயரில் இன்று பரப்பப்படுவது பெரும்பாலும் வேறொன்று. 2018இல் சசி தரூர் தம் நூலை அறிவிக்கும்போது ஃப்ளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நாடே அகராதியைப் புரட்டியது. ஆங்கிலத்தில் 29 எழுத்துகள் கொண்ட அச்சொல்லுக்கு, ஒன்றை மதிப்பற்றதாகக் கருதும் செயல் என்று பொருள். மனிதரையே அவ்வாறு கருதும் செயலுக்கு நம்மிடம் நான்கெழுத்துச் சொல் உண்டு: தீண்டாமை. பெரிய சொல்லைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எவருக்கும் உரிமையே. நம் பிள்ளைகளின் நேரமோ குறைவு. அவர்கள் முன் உள்ள கதவுகளோ பல. எந்தச் சொல் எந்தக் கதவைத் திறக்கிறது என்று பார்த்தே கற்க வேண்டியிருக்கிறது.

நீதிமன்ற அனுபவத்தில் நாம் கண்டது இது: நம் வாழ்வைத் தீர்மானிக்கும் ஆங்கிலச் சொற்களில் பல, வடிவத்தில் அரியவை அல்ல. தெரிந்த சொல்லின் தெரியாத பொருளே நம்மை வீழ்த்துகிறது. 'டிஸ்சார்ஜ்' என்றால் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவது என்று எல்லோருக்கும் தெரியும். நீதிமன்றத்தில் அச்சொல், விசாரணை தொடங்குமுன்பே குற்றம் சாட்டப்பட்டவரை விடுவிப்பதைக் குறிக்கும். 'காம்பவுண்ட்' என்றால் சுற்றுச்சுவர் என்று நினைக்கிறோம். சட்டத்தில் அது வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்வது. இவ்விரு சொற்களும் தெரியாமல் கையொப்பமிட்ட குடும்பங்களை நாம் அறிவோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 3(2)இன் ஐந்தாம் உட்பிரிவு, பத்தாண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்குரிய குற்றம் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் மீது இழைக்கப்பட்டால் ஆயுள் தண்டனை என்கிறது. பாதிக்கப்பட்டவர் அச்சமூகத்தைச் சேர்ந்தவர் 'என்ற காரணத்தால்' குற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதே பழைய வாசகம். கொலையும் பாலியல் வன்கொடுமையும் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும், சாதிதான் காரணம் என்று காட்டப்படவில்லை எனக் கூறி இப்பிரிவின் தண்டனை நீக்கப்பட்ட வழக்குகள் உண்டு. 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த வாசகத்தை 'என்று அறிந்தே' என மாற்றியது. 'ஆன் த கிரவுண்ட் தட்' என்ற தொடர் போய், 'நோயிங் தட்' என்ற தொடர் வந்தது. இவற்றில் ஒரு சொல்கூட அரிய சொல் அன்று. ஆயினும் மெய்ப்பிக்க வேண்டிய சுமை மாறிவிட்டது. பார்வையற்ற தலித் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை தொடர்பான படான் ஜமால் வலி வழக்கில், 2021இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சுட்டிக்காட்டியது. அந்தக் குற்றம் திருத்தத்துக்கு முந்தையது என்பதால், அப்பெண்ணுக்குப் புதிய வாசகத்தின் பயன் கிட்டவில்லை.

இன்னொரு சான்று. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 'பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' நிகழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அது பொது இடம் என்பதிலிருந்து வேறானது என்று 2008இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தனியார் வீட்டின் வாசலருகே, சாலையில் செல்வோர் காணும்படி நிகழ்ந்த இழிவும் சட்டத்துக்குள் வரும். புகார் எழுதும்போது, அங்கே யார் யார் பார்த்தார்கள் என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையிலான தூரம், வழக்கு நிலைப்பதற்கும் சாய்வதற்கும் இடையிலான தூரம். அதுபோலவே 'பிரைமா ஃபேஸி' என்ற லத்தீன் தொடர். இச்சட்டம் முன்ஜாமீனைத் தடுக்கிறது. எனினும் மேலோட்டப் பார்வைக்கே குற்றம் தென்படாத வழக்கில் அந்தத் தடை பொருந்தாது என்று 2020இல் பிருத்விராஜ் சவுகான் வழக்கில் தீர்ப்பானது. அன்றிலிருந்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தட்டும் கதவு அந்த இரண்டு சொற்கள்தான்.

எனவே ஆங்கிலம் கற்றால் போதும், நீதி கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. புரியாத மொழியில் ஒருவரைச் சிறைப்படுத்தக் கூடாது என்பது அரசின் கடமை. 1962இல் ஹரிகிஷன் வழக்கில், ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் தரப்பட்ட தடுப்புக்காவல் காரணங்களைக் காவல் அதிகாரி வாய்மொழியாக விளக்கியது போதாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1981இல் லல்லுபாய் வழக்கிலும் அதே நிலைப்பாடு. கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் மீண்டும் வலியுறுத்தப்பட்டது. குண்டர் சட்டத்தில் அடைக்கப்படும் நம் இளைஞர்களுக்காக ஆட்கொணர்வு மனு எழுதும்போது நாம் முதலில் தேடுவது, ஆவணங்களின் தமிழாக்கம் தரப்பட்டதா என்பதைத்தான்.

சொல்லின் ஆடம்பரம் நீதிபதிகளையும் விட்டுவைக்கவில்லை. 2017இல் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்று தங்களுக்கே புரியவில்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் அதை மறுபடி எழுதத் திருப்பி அனுப்பியது. அதே உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த மற்றொரு வழக்கில், 2022இல், சட்டப் பயிற்சி இல்லாதவரும் விளங்கிக்கொள்ளும்படி தீர்ப்புகள் இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கே விளங்காத ஆங்கிலம், ஜெகதாப்பட்டினத்துத் தாய்க்கு எப்படி விளங்கும்?

அரசமைப்பின் 348ஆம் பிரிவு உயர் நீதிமன்ற நடவடிக்கைகளை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு மாநில மொழியை அனுமதிக்கும் அதிகாரத்தை ஆளுநருக்குத் தருகிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றில் இந்திக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. 2006 டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை உச்ச நீதிமன்றம் 2012இல் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிடுவது நல்ல முயற்சியே. ஆனால் தமிழாக்கம் தகவலுக்கு மட்டும். அதிகாரம் ஆங்கில மூலத்துக்கே.

ஆக, நமக்கு இரு பணிகள் உள்ளன. உயர் நீதிமன்றத்தில் தமிழுக்கான போராட்டம் ஒன்று. அது வெல்லும்வரை காத்திருக்க முடியாத பிள்ளைகளின் கையில் உரிய ஆங்கிலத்தைக் கொடுப்பது மற்றொன்று. முதல் பணியைக் காரணம் காட்டி இரண்டாவதைத் தள்ளிவைப்பது, தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நமக்குத் தமிழ்ப்பற்று போதிப்போரின் வேலை.

எங்கள் வகுப்பில் இப்போது பட்டியலை மாற்றிவிட்டோம். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, ரிமாண்ட் உத்தரவு, இழப்பீட்டு ஆணை ஆகியவையே பாடநூல்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு கேள்விகள்: அன்றாடப் பொருள் என்ன, சட்டப் பொருள் என்ன, தமிழில் என்ன, அதனால் யாருக்கு என்ன நேரும்? சட்டப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வான கிளாட்டும் 2020 முதல் பத்திகளைப் படித்துப் பொருள் கொள்ளும் முறைக்கு மாறிவிட்டது. அங்கும் தனிச் சொற்களின் மனப்பாடத்தைவிட வாசிப்பே கைகொடுக்கும்.

தந்தையின் உத்தரவை எங்களிடம் நீட்டிய மாணவி, சென்ற மாதம் வேறொரு தாளோடு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் வன்கொடுமை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 'டிஸ்சார்ஜ்' கேட்டிருக்கிறார்கள். பிரிவு 15-அவின் கீழ், அந்த மனுவின் விசாரணையில் பாதிக்கப்பட்டவரும் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டல்லவா என்று கேட்டார். உண்டு. ஆட்சேபனை மனுவை அன்றே எழுதத் தொடங்கினோம்.