கல்லாப்பெட்டி வகுப்பறை ஆகாது

கல்லூரிப் பிள்ளைகள் செல்போனில் வீடியோ மூலம் பாடம் கேட்பது, கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது வீட்டுக்கு வீடு வந்த பழக்கம். நெருக்கடி போய்விட்டது, முறை போகவில்லை. முழுப் பட்டப்படிப்பையே ஆன்லைனில் நடத்தும் பல்கலைக்கழகங்கள் இன்று பல உள்ளன. அனுமதி பெற்ற நிறுவனங்கள் தரும் ஆன்லைன் பட்டமும், நேரில் சென்று பெறும் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஆகவே, "படிக்கவும் செய்யட்டும், கடையையும் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற எண்ணம் நம் வணிகர்களுக்கு வருவது இயல்பே. அந்த எண்ணத்தைச் சற்று நிறுத்துப் பார்ப்போம்.

மாணவர்கள் இம்முறையை அடியோடு வெறுக்கவில்லை. பஸ் செலவு மிச்சம், அலைச்சல் இல்லை, பதிவு செய்த பாடத்தை மறுபடியும் கேட்கலாம் என்கிறார்கள். அவர்கள் குறை சொல்வது வேறு விஷயங்களை. சந்தேகம் கேட்க வாய் வருவதில்லை. ஆசிரியர் முகம் பார்த்துப் பேசுவதில்லை. கேமராவை அணைத்துவிட்டால் வருகைப் பதிவு மட்டும் விழுகிறது, பாடம் விழுவதில்லை.

இது நமக்குப் புரியாத விஷயமா? பல வருடமாக வாங்கும் அதே ரகத் துவரம்பருப்பைப் போனிலேயே பேசி முடிக்கிறோம். புதிய ரகம் என்றால் மாதிரியைக் கையில் அள்ளிப் பார்க்காமல் விலை பேசுவோமா? படிப்பும் அப்படித்தான். தெரிந்த பாடத்தைத் திரும்பப் பார்க்க வீடியோ போதும். புதிய பாடத்திற்கு ஆசிரியரும், பக்கத்தில் ஒரு நண்பனும் வேண்டும்.

இதற்கு மேலும் ஒரு சிரமம் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு. ஊரடங்கில் மளிகைக் கடைகள் அத்தியாவசியம் என்று திறந்திருந்தன. வேலையாட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கல்லாவில் மகன் உட்கார்ந்தான். ஒரு காதில் பாடம், மறு காதில் வாடிக்கையாளர் குரல். வகுப்பு நேரத்தில் மகள் சமையலறைக்கு அழைக்கப்பட்டாள். பிள்ளை வீட்டில்தானே இருக்கிறது என்று நினைத்தோமே தவிர, வகுப்பில் இருக்கிறது என்று நினைத்தவர்கள் எத்தனை பேர்?

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுமார் 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டாவைத் தமிழக அரசு இலவசமாக அறிவித்தது. டேட்டாவை அரசு கொடுக்கலாம். தொந்தரவில்லாத ஒரு மணி நேரத்தை வீட்டார்தான் கொடுக்க வேண்டும்.

"நாமும் கடையில் இருந்துகொண்டே படித்தவர்கள்தானே" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பள்ளி விட்டு வந்த பிறகுதான் பொட்டலம் கட்டினோம். ஆசிரியர் பாடம் நடத்தும்போது கட்டவில்லை. பிள்ளைகள் தொழில் பழகுவது நல்லதே. அதற்கு மாலை நேரமும் விடுமுறை நாளும் இருக்கின்றன.

ஆன்லைன் படிப்பில் சேர்ப்பவர்கள், பணம் கட்டும் முன் அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் மானியக் குழுவின் அனுமதிப் பட்டியலில் உள்ளனவா என்று பார்த்துவிடுங்கள். மருத்துவம், பொறியியல், சட்டப் பட்டங்களை ஆன்லைனில் தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அவற்றுக்கு அனுமதி இல்லை. சேர்த்த பின் வகுப்பு நேர அட்டவணையைக் கேட்டு வாங்கி, கடைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்த நேரத்தில் கல்லாவில் வேறு ஆளை வையுங்கள்; ஆள் இல்லையென்றால் வாடிக்கையாளர் இரண்டு நிமிடம் காத்திருக்கட்டும்.

சரக்கில் வரும் நஷ்டத்தை அடுத்த கொள்முதலில் ஈடுகட்டலாம். பிள்ளையின் மூன்று வருடப் படிப்பை எந்தக் கொள்முதலில் ஈடுகட்டுவது?