நாவுக்கு முன்னே செவி



பட்டிமன்றத்தை நேசிக்கும் ஊர் நம் மதுரை. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சாலமன் பாப்பையா அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவர் வகிக்கும் நடுவர் பொறுப்பைச் சிந்தியுங்கள். இரு அணியினரும் பேசி முடிக்கும்வரை செவிகொடுத்தவருக்கே தீர்ப்புரைக்கும் தகுதி உண்டு.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சு மன்றமும் இதையே பழக்குகிறது. 1924-இல் கலிபோர்னியாவில் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அம்மன்றத்தில் ஒருவர் பேசுகிறார்; ஒருவர் நேரம் குறிக்கிறார்; ஒருவர் தடுமாற்ற ஒலிகளை எண்ணுகிறார்; மற்றொருவர் நிறைகுறைகளைக் கனிவோடு எடுத்துரைக்கிறார். பேசுபவர் ஒருவர், கேட்பவர் பலர். நம் வாலிபர் தங்கள் ஓய்வுநேரத்தை இத்தகைய தொண்டுக்குக் கொடுப்பது நல்லதே.

ஆனால், மன்றத்தில் முன்பின் அறியாதவரின் உரையை 7 நிமிடம் இடைமறிக்காமல் கேட்கும் நாம், வீட்டில் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பொறுமையைக் கொடுக்கிறோமா? மேடையில் பெற்ற பயிற்சி வீட்டு வாசலிலேயே நின்றுவிடுமானால் அதனால் பயன் என்ன? யாக்கோபு 1:19 செவியை நாவுக்கு முன்னே நிறுத்துகிறது.

இவ்வாரக் குடும்ப ஜெபத்தில் வீட்டின் இளையவர் முதலில் பேசட்டும். அறிவுரை கூற விரையாமல், மற்றவர்கள் கேளுங்கள். நம் விண்ணப்பங்களைக் கேட்கிற தேவன் உங்கள் இல்லத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.