கேஸ் எங்கே போனது?

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி என்று ஊர்கள் வரிசையாக வரும். மாம்பழ வாசனை காருக்குள் நுழைந்தால் சுகம்தான். ஆனால் அந்த வாசனை வருகிற மாதத்தில் அனலும் கூடவே நுழையும்.

மாதம் ஒருமுறை அம்மாவைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு 78 வயது. காருக்கு 20 தாண்டிவிட்டது. இந்தக் கோடையில் சந்திரகிரிக் கோட்டை கண்ணில் படுவதற்குள் ஏசி வெறும் காற்றாடியாகிவிட்டது. முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த அம்மா, “ஜன்னலைத் திறந்துடுப்பா. அதுக்கு யாரும் காசு கேட்க மாட்டாங்க” என்றார்.

குத்தலில் நியாயம் இருந்தது. மூன்று வருடமாக ஒரே வைத்தியம். கோடை பிறந்ததும் ஏதாவது ஒரு கடைக்குப் போவேன். “கேஸ் தீர்ந்துபோச்சு சார்” என்பார்கள். ஒரு குழாயை மாட்டுவார்கள். கால் மணியில் குளிர் வரும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போகும். தீபாவளிக்குள் குளிரும் போய்விடும்.

இந்த முறை நானே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். இணையத்தில் கேஸ் டின், குழாய், அளவுமானி எல்லாம் கிடைக்கின்றன. அமெரிக்காவில் பலர் வீட்டு வாசலிலேயே இப்படி நிரப்பிக்கொள்கிறார்கள். டின்னைக் கையில் பிடித்தபடி, மாட்டும் இடத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்று தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனேன்.

“உங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கு எத்தனை தடவை சார் கேஸ் போட்டீங்க?” என்று கேட்டார்.

“ஒரு தடவைகூட இல்லை, பாய். பதினைந்து வருஷமா ஓடுது.”

“அப்ப கார்ல மட்டும் எப்படித் தீரும்?”

மூன்று வருடம் எனக்குத் தோன்றாத கேள்வி. ஏசியின் கேஸ் பெட்ரோலைப்போல எரிந்து தீர்வதில்லை. ஒரே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஆவியாகி உள்ளேயிருக்கும் வெப்பத்தை வாங்குகிறது; முன்பக்கத்துக் கண்டன்சரில் திரவமாகி அதை வெளியே விடுகிறது. குறைந்திருக்கிறது என்றால் ஒழுகியிருக்கிறது என்றுதான் பொருள். ஃப்ரிட்ஜின் சுற்று முழுவதும் பற்றவைத்து மூடியது. காரில் கம்ப்ரெசர் எஞ்சினோடு அதிர்கிறது. அதனால் ரப்பர் குழாய்களும் ரப்பர் வளையங்களும் வேண்டியிருக்கின்றன. ரப்பருக்கு வயதாகும்.

ஒழுகலைக் கண்டுபிடிப்பது வீட்டிலேயே முடிகிற வேலை. கேஸோடு எண்ணெயும் சுற்றுவதால், ஒழுகும் இடத்தில் எண்ணெய் கசிந்து தூசி கறுப்பாக ஒட்டியிருக்கும். அங்கே சோப்பு நுரையைத் தடவினால் குமிழி வரும். என் காரில் கண்டன்சர் இணைப்பில் வந்தது. காரணம், விரல் நுனி அளவு ரப்பர் வளையம். விலை ஒரு டீக்குக் காணாது.

“சரி, வளையத்தை மாத்திட்டு டின்னை நானே ஏத்திக்கலாமே?” என்றேன். பாய் தலையாட்டவில்லை.

காரணங்களைக் கேட்டபோது எனக்கும் ஆசை விட்டுப்போயிற்று. சமையல் சிலிண்டரில் பாதி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான். தூக்கிப் பார்த்துத்தானே அளவு தெரிந்துகொள்கிறோம்? அதேபோல, நிற்கும் காரில் அளவுமானி கேஸின் எடையைச் சொல்லாது. வெயிலின் சூட்டைத்தான் சொல்லும். காருக்குக் காருக்கு இத்தனை கிராம் என்று கணக்கு உண்டு. பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும். அதைவிட அதிகமானால் குளிர் குறையும், கம்ப்ரெசரும் கெடும். தவறிப்போய் உயர் அழுத்தப் பக்கத்தில் மாட்டினால் டின் வெடிக்கும். கேஸ் கொதிப்பதே மைனஸ் 26 டிகிரியில். கண்ணில் பட்டால் கண் போகும்.

அடுத்தது ஈரம். சுற்றைத் திறந்தால் காற்றும் ஈரமும் உள்ளே போகும். அந்த ஈரம் வால்வில் உறைந்து அடைக்கும், அமிலமாகி அலுமினியத்தை அரிக்கும். அதனால் டிரையரை மாற்றி, வேக்குவம் பம்ப்பை அரை மணியாவது ஓடவிட்டு, அழுத்தம் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு தராசில் வைத்து நிரப்ப வேண்டும். டின்னில் இதெல்லாம் வராது.

பணத்தைவிட என்னை உறுத்திய கணக்கு வேறு. 1928-ல் தாமஸ் மிட்ஜ்லியும் சகாக்களும் ஃப்ரியானை உருவாக்கியபோது, விஷமில்லாத, தீப்பிடிக்காத வரம் என்று உலகம் கொண்டாடியது. 1974-ல் மொலினாவும் ரோலண்டும் அது ஓசோனை அரிக்கும் என்றார்கள். 1987-ல் மான்ட்ரியல் உடன்பாடு வந்தது. 1992-ல் இந்தியா சேர்ந்தது. 2003 பிறந்ததிலிருந்து இங்கே புதிய ஏசிகளில் அந்தப் பழைய வாயுவைப் போடக் கூடாது. அதற்கு முந்தைய காராக இருந்தால் எந்த வாயு என்று முதலில் பாருங்கள். பழைய ஆர்-12 எண்ணெயோடு புதிய 134ஏ சேராது.

என் காரில் இருப்பது 134ஏ. ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ, 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அரை கிலோ ஒழுகினால் சுமார் 300 லிட்டர் பெட்ரோல் எரித்த மாதிரி. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு முப்பது தடவை போய்வரலாம்! கோடை கோடையாக நான் காசு கொடுத்து ஆகாயத்தில் விட்டது இதைத்தான். வெயில் ஏறுகிறது என்று புலம்பியதும் நான்தான்.

இந்த வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க 2016-ல் கிகாலியில் முடிவாயிற்று. 2021-ல் இந்தியா ஏற்றது. ஆனால் நம் தெரு ஒழுகலைக் கிகாலியிலிருந்து யாரும் வந்து அடைக்கப்போவதில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் வீட்டில் செய்யக்கூடியவை இவை. கண்டன்சரில் அடைந்த தூசியையும் பூச்சியையும் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். கேபின் ஃபில்டர் இருந்தால் சுத்தம் செய்யுங்கள். ஏசி போட்டதும் முன்பக்க மின்விசிறி சுற்றுகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலத்திலும் வாரம் பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள். எண்ணெய் சுற்றினால் கம்ப்ரெசரின் ரப்பர் காயாது. விலை மலிவு என்று சமையல் கேஸை நிரப்புகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அது ஒழுகினால் சேர்வது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “கேஸ் எங்கே போச்சு?” பதில் சொல்லாமல் குழாயை எடுத்தால் வண்டியை எடுத்துவிடுங்கள்.

மிச்சமிருந்த கேஸைக் காற்றில் விடாமல் மெஷினால் சிலிண்டரில் பிடித்துக்கொண்டுதான் பாய் வேலையை ஆரம்பித்தார். டின்னைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் திருப்பதி போனபோது சந்திரகிரி தாண்டியும் குளிர் குறையவில்லை. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்: “ரொம்ப சில்லுன்னு இருக்குப்பா. ஜன்னலைக் கொஞ்சம் திறயேன்.”