வாசலில் வரும் அலை வீட்டினுள் வராததேன்?

வெலிமடைப் பகுதியில் வாழும் குடும்பங்களுக்குக் கைத்தொலைபேசி ஆடம்பரப் பொருளன்று. கொழும்பில் தொழில் புரியும் மகனின் குரலும், வளைகுடா நாட்டில் உழைக்கும் தாயின் குரலும் அதன் வழியேதான் வருகின்றன. நள்ளிரவில் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைப்பதும் அதனாலேயே. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடிய துயரை அறிந்த ஊவா மக்களுக்கு, மழைக்கால எச்சரிக்கை நேரத்துக்கு வந்து சேர்வதன் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய கருவி முற்றத்தில் பேசி, காம்பராவுக்குள் ஊமையாகிவிடுமானால் என் செய்வது?

கடைக்காரர் உடனே ‘பூஸ்டர்’ என்னும் அலைபெருக்கியை எடுத்து வைப்பார். பணத்தை எண்ணுமுன் ஒரு சோதனை செய்க. தொலைபேசியின் அமைப்புப் பகுதியில் அலையின் வலிமை டெசிபல் கணக்கில், கழித்தற்குறியுடன் காணப்படும். முற்றத்தில் −85, உள்ளே −115 என வைத்துக்கொள்வோம். வேறுபாடு 30. பத்து டெசிபலுக்குப் பத்து மடங்கு என்பது கணக்கு. ஆகவே உள்ளே வருவது ஆயிரத்தில் ஒரு பங்கே! குற்றவாளி பெரும்பாலும் தகரக் கூரைதான். மழையைத் தடுப்பதுபோலவே அது அலையையும் தடுத்துத் திருப்பிவிடுகிறது. தடித்த கற்சுவர் எஞ்சியதை விழுங்குகிறது.

முற்றத்திலேயே அலை இல்லையெனில் அது வேறு நோய். 2021இல் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்துச் சிறுவர் பாடம் பெறுவதற்காகக் காட்டுவழி நடந்து பாறையுச்சி ஏறியதை உலகப் பத்திரிகைகள் எழுதின. மலை மறைத்த அவ்வூர்களுக்கு வேண்டுவது கோபுரம். பூச்சியத்தை எத்தனையால் பெருக்கினும் பூச்சியமே.

அலைபெருக்கியின் அமைப்பு எளியது. கூரைமேல் ஓர் அன்டெனா கோபுரத்தின் அலையை வாங்கும். கம்பிவழி வந்த அதனைப் பெட்டி பெருக்கும். உள்ளிருக்கும் மற்றோர் அன்டெனா பரப்பும். நாம் பேசுவதும் அவ்வழியே திரும்பிக் கோபுரத்தை அடையும். தொல்லை இங்குதான் பிறக்கிறது. திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் முன்னே பிடித்தால் காது கிழிய அலறுமன்றோ? இரு அன்டெனாக்களும் அணுகியிருந்தால் பெட்டியும் அவ்வாறே அலறும். நம் செவிக்கு அது கேளாது, கோபுரத்துக்குக் கேட்கும். அதனால் அயல் லயன்களில் உள்ளோரின் பேச்சும் அறுபடும். ஒரு வீட்டார் வாங்கிய மலிவுப் பெட்டி, பக்கத்து வீட்டாரின் 1990 அழைப்பை மறித்துவிடக் கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனாற்றான் இலங்கையில் வானொலி அலை பரப்பும் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டுமென 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. பெயரும் ஊருமில்லாத பெட்டிகளை விட்டு, சேவை நிறுவனத்திடமே முதலில் முறையிடுக. அவர்கள் இசைந்து பொருத்துவதாயின், அலைவரிசை பொருந்துகிறதா எனக் கேட்டறிக. இந்நாட்டில் 900, 1800, 2100 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகள் வழக்கிலுள்ளன. அமெரிக்காவின் 1900க்கெனச் செய்த கருவி இங்கு வெறும் அலங்காரம்.

என் கருத்தில், முற்றத்தில் அலையுள்ள பெரும்பாலான வீடுகளுக்கு அலைபெருக்கியே வேண்டாம். வெளி அன்டெனா பூட்டும் துளையுள்ள 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கி, அன்டெனாவைக் கூரைக்கு மேலே கோபுரத்தை நோக்கி நிறுத்தினாற் போதும். வீட்டினுள் வாய்ஃபை பரவும். பிள்ளைகளின் பாடமும் வெளிநாட்டுப் பேச்சும் அதிலேயே நடைபெறும். வாய்ஃபை வழியே சாதாரண அழைப்பையும் தரும் வசதி உங்கள் தொலைபேசிக்கும் சேவைக்கும் உண்டா என விசாரித்துக்கொள்ளுங்கள். இணைப்புக் கம்பி நீள நீள அலை தேயும். ஆகையால் குட்டையான, தடித்த கம்பியே நன்று. அன்டெனாக் கம்பத்தை நிலத்துடன் இணைத்துவிடுக. ஐப்பசி இடிமின்னலை மலைநாட்டாருக்கு நான் சொல்ல வேண்டுமா?

பெருமழையில் மின்சாரம் நின்றால் ரவுட்டரும் பெட்டியும் ஒருங்கே உறங்கிவிடும். சிறு மின்கலம் ஒன்றை ரவுட்டருக்குத் துணையாக வைத்திருங்கள். அதுவும் இயலாதார், இஸ்தோப்பில் எவ்விடத்தில் அலை கிடைக்கிறதென்று பகலிலேயே கண்டறிந்து, வீட்டிலுள்ள சிறுவருக்கும் அதனைக் காட்டி வையுங்கள்.