நாற்றிசை ஒலியும் நம் சொல்லும்

கண் தன் முன்னுள்ளதனையே காணும். செவியோ முன்னும் பின்னும், மேலும் கீழும் ஒருங்கே கேட்கும். மார்கழித் தேர்நாளன்று சிதம்பரத்துத் தேர்வீதியில் நிற்பானொருவனுக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாகசுரமும் தவிலும் முன்னே செல்லும். வடம் பிடிப்போர் ஆரவாரம் இருமருங்கும் எழும். மாடியில் நிற்போர் பேச்சு மேலிருந்து விழும். பொரி விற்பான் குரல் முதுகுப்புறத்தே கேட்கும். கடலூர் முதுநகர்த் துறையில் வைகறையில் நிற்பானுக்கும் அஃதே. படகுப் பொறிகளின் ஓசை நீர்ப்பரப்பின்மேல் வரும்; காக்கைகள் தலைக்குமேல் கரையும்; மீன் விலை கூறுவார் குரல் பின்னின்று கேட்கும்.

இவ்வாறு சூழ்ந்து வரும் ஒலியை இடமும் வலமுமாகிய இரண்டு ஒலிபெருக்கிகளுள் அடக்கிவைத்தே நாம் நெடுநாள் கேட்டு வந்தோம். இப்பொழுதோ அதனைச் சூழ்ந்தவாறே பதிந்து கலந்து தரும் முறைகள் பல தோன்றியுள்ளன. மாணவனொருவன் தன் அறையிலிருந்தே, கணினியில் அமைந்த ஒலிப்பணி மென்பொருளைக்கொண்டு, இக்கலவையைச் செய்தல் கூடும். ஆயின் முறைகள் பலவாதலின், எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் ஐயம் எழுகின்றது. எம் கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம்: இடத்தின் ஒலியைப் பதிவார்க்கு ஒரு முறை ஏற்றது, சொல்லையுடைய பாட்டைக் கலப்பார்க்கு வேறொரு முறை ஏற்றது, எம்முறையாயினும், சொல் கேட்போனை அடையாவிடின் முயற்சி முழுவதும் வீண்.

இசை வரும் இடத்தைக் குறித்த எண்ணம் இன்று நேற்றுப் பிறந்ததன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை, அரங்கின் அகலம் ஏழுகோல், நீளம் எட்டுக்கோல், உயரம் ஒருகோல் என்று அளவு கூறுவதோடமையாது, எக்கருவி எக்கருவியின் வழி நிற்றல் வேண்டுமென்று முறையும் கூறுகின்றது. மேனாட்டில் வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு ஆலயத்தில், பதினாறாம் நூற்றாண்டிலேயே, பாடகர் குழுவை வேறுவேறிடங்களில் நிறுத்தி ஒருவர்க்கொருவர் எதிர்ப்பாட்டுப் பாடச் செய்தனர். ஆதலின் இஃது யந்திரத்தார் நமக்கு அளித்த புதுக்கொடையன்று; நாம் முன்னரே உடைய ஒன்றை யந்திரம் இப்பொழுதுதான் எட்டிப் பிடித்திருக்கின்றது என்க.

தமிழ் மக்கள் இம்முறைகளை முதன்முதல் அறிந்தது திரைப்பட அரங்கிலேயாம். 2007-இல் வெளிவந்த 'சிவாஜி' என்னும் படம், முப்பரிமாணத்தில் மீண்டும் அமைக்கப்பெற்று, 2012 திசம்பரில் டால்பி அட்மாஸ் முறையில் வெளிவந்தது. அம்முறையில் வந்த முதல் இந்தியப் படம் அதுவே. இரண்டு திங்கள் கழியுமுன், 2013 பெப்ருவரியில், 'விஸ்வரூபம்' ஆரோ 3டி என்னும் மற்றொரு முறையோடு தமிழ்நாட்டு அரங்குகளுக்கு வந்தது. இந்தியாவில் அம்முறைக்கு அதுவே முதற்படம். இங்ஙனம் உலகில் போட்டியிட்ட இருமுறைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நம் வாயிற்படியில் வந்து நின்றன.

இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை யாது? பெல்ஜிய நாட்டில் தோன்றிய ஆரோ, ஒலிபெருக்கிகளை மூன்று அடுக்காக நிறுத்துவது. செவிமட்டத்தில் ஓரடுக்கு, அதன்மேல் உயரத்தில் ஓரடுக்கு, உச்சியில் ஒன்று. உச்சியிலுள்ள அவ்வொன்றை ஒலிப்பொறியாளர் 'தேவனின் குரல்' என்று அழைப்பர். கலப்பவன் ஒவ்வோர் ஒலியையும் இன்ன பெருக்கிக்கு என்று பங்கிட்டு அனுப்புகின்றான். அட்மாஸ் அவ்வாறன்று. 2012-இல் 'பிரேவ்' என்னும் அமெரிக்கப் படத்தோடு தோன்றிய அது, ஒலியைப் பெருக்கிக்கு உரியதாகக் கொள்ளாது, வெளியில் ஓரிடத்திற்கு உரியதாகக் கொள்கின்றது. அரங்கமுறையில் 128 தடங்கள். அவற்றுள் 10 அசையாப் படுகையாக நிற்க, ஏனைய 118-உம் தனித்தனி 'ஆப்ஜெக்ட்'டுகளாக, தாம் நிற்கவேண்டிய இடத்தைக் குறிக்கும் எண்களோடு செல்லும். அரங்கிலுள்ள யந்திரம் அவ்வெண்களைப் படித்து, அங்கே எத்துணைப் பெருக்கிகள் உளவோ அத்துணைக்கும், 64 வரையில், ஒலியைப் பகிர்ந்தளிக்கும். ஆரோ, ஓவியன் சுவரிலேயே எழுதிய சித்திரம் போல்வது. அட்மாஸ், எவ்வூர்ச் சுவருக்கும் ஏற்ப எழுதிக்கொள்ளுமாறு விடுத்த குறிப்பைப் போல்வது. சுவர்கள் ஊர்தோறும் வேறுபடுதலின் குறிப்பே பரவிற்று. ஆரோவின் இனிமையை இகழ்வார் இலர். எனினும் இன்று பெரும்படங்களின் விளம்பரத்தில் நாம் காணும் பெயர் அட்மாஸே.

இவ்விரண்டேயன்றி வேறும் உள. ஆம்பிசானிக்ஸ் என்பது 1970-களில் இங்கிலாந்தில் மைக்கேல் கெர்சோன் முதலிய அறிஞர் கண்டது. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள ஒலி முழுவதையும் ஒரு கோளமாகக் கொண்டு, அதனை நான்கு சானல்களில் அது சுருக்கி வைக்கும். நுட்பம் மிகவேண்டின் ஒன்பது, பதினாறு என்று சானல்கள் பெருகும். இதற்கு உரிமைக் கட்டணம் இல்லை. சோனி நிறுவனத்தார் 2019-இல் '360 ரியாலிட்டி ஆடியோ' என்பதனை வெளியிட்டனர். அதனை ஏற்று வழங்கிய டைடல் என்னும் இசைச் செயலி, 2024-இல் அதனைக் கைவிட்டு அட்மாஸையே கொண்டது. 2025 சனவரியில் கூகுளும் சாம்சங்கும் 'எக்லிப்சா' என்னும் பெயரால், எவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்க முறையொன்றை அறிவித்தன. இவற்றை நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும்: முறை தோன்றுவதும் மறைவதும் வணிகத்தின் கையில் உளது, பாட்டோ அதனினும் நெடுநாள் வாழவேண்டுவது.

நூலறிவு மட்டுமே கொண்டு தீர்ப்புரைத்தல் தகாதென்றெண்ணி, யாமும் எம் தோழர் இருவரும் சென்ற விடுமுறையில் சிறு சோதனையொன்று செய்தோம். கடலூரிலுள்ள ஆலயமொன்றில் ஞாயிற்றுக்கிழமை மாலைக் கீர்த்தனையைப் பதிவு செய்தோம். நான்கு முகமுடைய ஒலிவாங்கியொன்றைச் சபையார் நடுவே நிறுத்தினோம். முதற்பாடகர்க்கும் ஆர்மோனியத்திற்கும் மிருதங்கத்திற்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்தோம். அதனை இருவகையிற் கலந்தோம். ரீப்பர் என்னும் மென்பொருளில், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஆய்வுக்கூடத்தார் இலவசமாக வழங்கும் ஐ.இ.எம். கருவிகளைக்கொண்டு ஆம்பிசானிக்ஸ் கலவை ஒன்று; தோழர் ஒருவர் கணினியிலிருந்த லாஜிக்கில் அட்மாஸ் கலவை மற்றொன்று. லாஜிக் 2021 அக்டோபரிலும், புரோ டூல்ஸ் 2023 திசம்பரிலும் அட்மாஸ் கருவியைத் தம்முள்ளேயே சேர்த்துக்கொண்டமையால், வேறு பொறி வாங்கும் செலவு இப்பொழுது இல்லை. எனினும் லாஜிக் ஆப்பிள் கணினியிலன்றி இயங்காது என்பதனை ஏழை மாணவர் நினைவிற் கொள்க.

ஹெட்போன் வழியே ஆம்பிசானிக்ஸ் கலவையைக் கேட்டபொழுது யாம் ஆலயத்தினுள் மீண்டும் அமர்ந்திருந்தோம். பின்வரிசைத் தாய்மார் குரலும், மின்விசிறியின் ஓசையும், மணியின் கார்வையும் தத்தம் இடத்தே இருந்தன. எம் பாட்டியாரிடம் கொடுத்தோம். அக்கீர்த்தனை அன்று புதிதாக இயற்றிப் பாடப்பெற்றது. அவர் முன்னர்க் கேட்டறியாதது. சிறிது நேரம் கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாச் சுத்திச் சுத்தி வருது தம்பி, என்ன பாடுறாங்கன்னு மட்டும் புரியல" என்றார். யாம் வாயடைத்து நின்றோம்.

காரணம் ஆராயின் எளிதே. நான்கு சானலில் அடங்கிய கோளத்திற்குக் கூர்மை குறைவு. ஒரு திசையிலுள்ள குரல் அண்டைத் திசைகளிலும் கசியும். ஆலயத்தின் எதிரொலியோ எங்கும் நிறைந்திருக்கும். அதனிடையே மெய்யெழுத்துகள் மழுங்கின. அட்மாஸ் கலவையில் முதற்பாடகர் குரல் தனியொரு 'ஆப்ஜெக்ட்'டாக முன்னே நின்றமையின், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. ஆயின் ஆலயம் ஓரளவு மறைந்து, பாட்டு அறையில் பாடியது போலாயிற்று. இறுதியில் யாம் கண்ட வழி இரண்டையும் இணைப்பதாகும். நடு ஒலிவாங்கியின் கோளத்தைப் பெருக்கிகளின் திசைக்கேற்பப் பிரித்துத் தாழ்ந்த அளவில் படுகையாக இட்டு, சொல்லுடைய குரலை மட்டும் தனிப்பொருளாக அதன்மேல் நிறுத்தினோம். பாட்டியார் இம்முறை தலையசைத்ததோடு நில்லாது, இரண்டாம் சரணத்தைத் தாமும் உடன் பாடினார்.

ஈண்டு யாம் சிதம்பரத்தை மீண்டும் நினைக்கின்றோம். 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழர் தம் அரங்குகளில் தமிழ்ப்பாட்டுகளே மிகுதியாக ஒலித்தல் வேண்டும், கேட்போர்க்குப் பொருள் விளங்குதல் வேண்டும் என்பதே அவ்வியக்கத்தார் கோரிக்கை. இசைக்கு மொழியில்லை, நாதமே போதும் என்று அன்று எதிர்வாதம் செய்தாரும் உண்டு. அன்று பொருளை மறைத்தது அயன்மொழி. இன்று நாம் கருத்தின்றிக் கலப்பின் அதனை மறைக்கப்போவது நம் யந்திரமே. குரலைத் தலையைச் சுற்றிப் பறக்கவிடுவது கேட்போனை ஒரு கணம் வியக்கச் செய்யும். ஆயின் வியப்பு வேறு, சுவை வேறு.

"உலகமெல்லாம் அட்மாஸைக் கொண்டபின் ஆராய்ச்சி எதற்கு?" என்று வினவுவார் உளர். 2021 ஜூனில் ஆப்பிள் இசைச் செயலி அதனைக் கொண்டது முதல் அம்முறை மிகப் பரவியது உண்மையே. ஆயினும் அதன் குறையையும் அறிதல் வேண்டும. இணையவழிச் செல்லுங்கால் 118 பொருள்களும் தனித்தனியே செல்வதில்லை. பதினாறுக்கு மேற்படாத தொகுதிகளாகச் சுருக்கப்பெற்றே செல்லும். இது தலைக்கு அணித்து, இது சேய்த்து என்று ஹெட்போனுக்காகக் கலப்பவன் எழுதும் குறிப்பை ஒரு செயலி மதிக்கும்; ஆப்பிள் செயலியோ அதனைக் கொள்ளாது தன் கணக்கையே கொள்ளும். மேலும், ஒலி இடமா வலமா என்பதனை இரு செவிக்கும் அஃது எட்டும் கால வேற்றுமையாலும் வலிமை வேற்றுமையாலும் அறிகின்றோம். மேலா கீழா என்பதனையோ செவிமடலின் வடிவால் அறிகின்றோம். செவிமடல் ஆளுக்காள் வேறுபடுதலின், ஒருவருக்கு உச்சியில் கேட்ட மணி மற்றொருவருக்கு நெற்றியில் கேட்கும். ஆதலின் உயரத்தை நம்பிப் பாட்டின் உயிரை அங்கே வைத்தல் கூடாது.

"இரண்டு சானலே போதும், பிற ஆடம்பரம்" என்பாரும் உளர். அதனையும் யாம் உடன்படோம். தேர்வீதியின் ஒலியும் துறைமுகத்தின் ஒலியும் ஆண்டுதோறும் மாறுகின்றன. துடுப்போசை போய்ப் பொறியோசை வந்தது. நாளை பிறிதொன்று வரும். இன்றைய ஒலியை நாற்றிசையும் பொருந்தப் பதிந்து வைப்பின், நாளை அதனை இரண்டாகச் சுருக்குதல் எளிது. இரண்டாகப் பதிந்ததனை நாற்றிசையாக விரித்தல் உண்மையில் இயலாது.

ஆகவே நம் மாணவர்க்கு யாம் பணிவுடன் கூறுவன இவை. இடத்தின் ஒலியை ஆம்பிசானிக்ஸில் பதிக. பாட்டை அட்மாஸில் கலக்க விரும்பின் கலக்க. ஆயின் ஒவ்வொரு குரலின் மூலத்தடத்தையும் தனித்தனிச் சாதாரணக் கோப்பாக வைத்துக்கொள்க. கலவையின் மூலப்படியை, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த ஏ.டி.எம். என்னும் பொதுவடிவில் காக்க. எவ்வளவு பெரிய கலவையாயினும், முடித்தபின் மலிவான கைபேசியின் ஒற்றைப் பெருக்கியில் ஒருமுறை கேட்க. அங்கே சொல் விளங்கவில்லையாயின், மீண்டும் கலக்க.

நம் கல்லூரியார்க்கும் ஒரு விண்ணப்பம். நூல்நிலையம் ஓலையையும் தாளையும் காப்பது போலவே ஒலியையும் காத்தல் வேண்டும். கடலூர்த் துறையிலும் சிதம்பரத்துத் தேர்வீதியிலும் சிற்றூர்ச் சபைகளிலும் ஒலிப்பனவற்றை ஆண்டுக்கொருமுறை மாணவர் பதிந்து, ஊரும் நாளும் குறித்து வைப்பாராயின், ஐம்பது ஆண்டின் பின் இங்குப் பயில வருவார் நம்மை நன்றியோடு நினைப்பர். பெரும்பொருள் வேண்டுவதில்லை, ஒரு நல்ல ஒலிவாங்கியும், பொறுமையுடைய மாணவர் சிலருமே போதும்.

உச்சியிலுள்ள பெருக்கிக்குத் 'தேவனின் குரல்' என்று பெயரிட்டார் நகைச்சுவையாகவே இட்டிருப்பர். ஆயின் எலியா தீர்க்கதரிசி ஆண்டவரைப் பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் காணாது, அவற்றின்பின் வந்த மெல்லிய குரலிலேயே கண்டார் என்று நம் வேதம் கூறுகின்றது. நாற்றிசையும் அதிரக் கலக்கும் ஆற்றல் இன்று நமக்கு வாய்த்திருக்கின்றது. அந்த அதிர்ச்சிக்கு நடுவே மெல்லிய சொல்லொன்று கேட்க இடம் விட்டுவைத்தலே கலப்பவன் கடமையாகும்.