தண்ணீர் இருக்கிறது, காற்று எங்கே?

பாய்மரப் படகு ஓட்ட என்ன வேண்டும் என்று கேட்டால் "தண்ணீர்" என்றுதான் பலரும் சொல்வார்கள். காற்று அப்புறம்தான் ஞாபகத்துக்கு வரும். நகரத் திட்டம் போடுபவர்களுக்கும் இதே மறதி உண்டு. கரையோரத்தில் அடுக்குமாடிகளைக் கட்டிவிட்டு, "தண்ணீரைத் தொடவே இல்லையே" என்பார்கள். உண்மைதான், தண்ணீரைத் தொடவில்லை. காற்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

லண்டனின் கிழக்கே மில்வால் துறை இருக்கிறது. 1868-ல் சரக்குக் கப்பல்களுக்காகத் திறக்கப்பட்டு, 1980-ல் மூடப்பட்டது. இன்று அதன் வெளித்துறையில் ஒரு பாய்மரப் பயிற்சி மையம் இயங்குகிறது. பணக்காரர்களின் உல்லாசப் படகுக் கிளப் அல்ல இது, அறக்கட்டளை நடத்தும் மையம். இது இருக்கும் டவர் ஹாம்லெட்ஸ், குழந்தைகளின் வறுமை லண்டனிலேயே அதிகமுள்ள பகுதிகளில் ஒன்று. பக்கத்திலேயே தேம்ஸ் ஓடுகிறதே, அங்கே போய்ப் பழகலாமே என்று கேட்கலாம். தேம்ஸில் கடல் ஓதம் ஏறி இறங்கும், நீரோட்டம் வேகமாக இழுக்கும். முதல்முறை படகில் உட்காரும் பத்து வயதுப் பிள்ளைக்கு அது சரிப்படாது. துறையின் தேங்கிய நீர்தான் பாதுகாப்பு.

இந்தத் துறையை ஒட்டி ஒரு பழைய செய்தித்தாள் அச்சகத்தின் மனை இருக்கிறது. அங்கே 722 வீடுகள் கட்ட 2016-ல் அனுமதி கிடைத்தது. 2018-ல் அது 1,524 வீடுகளாகவும், 44 மாடி வரை உயரும் கோபுரங்களாகவும் வளர்ந்தது. விசாரணை அதிகாரி நிராகரிக்கச் சொன்னார். அதையும் மீறி 2020 ஜனவரியில் அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் அனுமதி தந்தார். கட்டுமான நிறுவனத்துக்குப் பல கோடி பவுண்டு கூடுதல் செலவு வைக்கும் புதிய உள்ளூர்க் கட்டணம் அமலுக்கு வர ஒரு நாள்தான் பாக்கி! பாரபட்சம் இருப்பதாகத் தோன்ற இடமிருப்பதால் அந்த முடிவு சட்டப்படி செல்லாது என்று அந்த ஆண்டு மே மாதம் அவரே ஒப்புக்கொண்டார். 2021 நவம்பரில் இன்னொரு அமைச்சர் அந்தத் திட்டத்தை நிராகரித்தார்.

அமைச்சரும் கட்டட அதிபரும் ஒரே மேசையில் விருந்து சாப்பிட்ட கதைதான் செய்திகளில் பெரிதாக வந்தது. ஆனால் 2019 விசாரணையில் இன்னொரு விஷயமும் அலசப்பட்டது. அதுதான் துறையின் மேல் வீசும் காற்று.

பள்ளிப் புவியியலில் "மழை மறைவுப் பிரதேசம்" படித்திருப்பீர்கள். மலை மழையைத் தடுப்பது போலக் கட்டடம் காற்றைத் தடுக்கும். அதற்குப் பின்னால், அதன் அளவைப் போலப் பல மடங்கு தூரத்துக்குக் காற்று வலுவிழந்து, சுழன்று, குழம்பிக் கிடக்கும். பாதிக் கதை இதுதான். உயரத்தில் வேகமாக வரும் காற்று கோபுரத்தின் முகத்தில் மோதிக் கீழே இறங்கும், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு பாயும். ஆகவே படகோட்டிக்கு ஒரு நிமிடம் காற்றே இல்லை, அடுத்த நிமிடம் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு அறை. தேர்ந்தவர் சமாளிப்பார். கற்றுக்கொள்ளும் பிள்ளை கவிழும். தினமும் கவிழ்ந்தால் மறுவாரம் வராது.

உயரக் கட்டடங்களுக்குக் காற்றுச் சோதனை செய்கிறார்களே என்று கேட்கலாம். செய்கிறார்கள்தான். ஆனால் வழக்கமான சோதனை நடப்பவருக்கும், பெஞ்சில் உட்காருபவருக்கும், கதவைத் திறப்பவருக்கும் உரியது. லாசன் அளவுகோல் என்று இங்கிலாந்தில் பயன்படுத்துவது அதைத்தான். அதில் காற்று குறைந்தால் நல்ல மதிப்பெண். பாய்மரத்துக்கோ காற்று குறைந்தால் ஃபெயில். ஒரே ஆய்வறிக்கையில் "வசதியான சூழல்" என்று பாராட்டப்படும் இடம் படகோட்டிக்குப் பாலைவனம்.

வீடுகள் வேண்டாமா? நிச்சயம் வேண்டும். லண்டனில் வீட்டுப் பஞ்சம் பொய்யல்ல. ஆனால் வீடா காற்றா என்ற கேள்வியே தவறு. உயரமானதைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைக்கலாம், கரையோரம் தாழ்வாகக் கட்டலாம், அதிகம் காற்று வரும் திசையில் இடைவெளி விடலாம். இதெல்லாம் வரைபடத்தில் இருக்கும்போதுதான் முடியும். கட்டிய பிறகு நஷ்டஈடு கொடுத்தால் புதுப் படகு வாங்கலாம், காற்று வாங்க முடியாது.

இன்னொன்று, ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியாக அளந்தால் "பாதிப்பு சிறிதே" என்றுதான் வரும். சிறிது சிறிதாகத்தான் நான்கு பக்கமும் சுவர் எழும்புகிறது. வடகரையில் ஒன்று வந்தால் வாடை போச்சு, மேற்கில் ஒன்று வந்தால் கோடையும் போச்சு. எனவே அனுமதி கொடுக்குமுன் ஏற்கெனவே இருப்பது, இனி வரப்போவது எல்லாவற்றையும் சேர்த்து, பாய்மரத்துக்கென்று தனியாகக் காற்றை அளப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அளக்கும் செலவு கட்டுபவருடையதாக இருக்கட்டும்.

"நீர்முகப்புக் காட்சி" என்று விளம்பரம் செய்துதான் இந்த வீடுகளை விற்கிறார்கள். அந்த விளம்பரப் படங்களில் தவறாமல் ஓரிரண்டு வெள்ளைப் பாய்கள் தெரியும். காற்று நின்ற பிறகு அந்தப் பாய்களை யார் வந்து விரிப்பார்கள்?