வேலியின்றி விளையுமா?

தமிழிளைஞரே! அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் தன் 'சக்தி' செயலியில் இலினக்சை இயக்கிக் காட்டிற்று. அச்செயலியின் கட்டளைத் தொகுதி ரிசுக்-5. அதற்கு இயங்குதளக் கருநிரல் எழுத வரும் நம்மவர் சிலரோ, இன்டெல் பொறியிற் பழகிய பழக்கத்தை விட மறுக்கின்றனர். "என் பொறியில் ஓடுகிறதே!" என்பதே அவர்தம் சான்று. ஓடாதா பின்னே? அப்பொறி, ஒரு செயலி நினைவகத்தில் எழுதியவற்றை எழுதிய வரிசையிலேயே பிற செயலிகளுக்குக் காட்டுவது. ரிசுக்-5 அவ்வுறுதியைத் தரவில்லை; விரைவுக்காக வரிசை மாறலாம் என்கிறது.

ஒரு செயலி செய்தியை எழுதிவிட்டு, 'ஆயிற்று' எனக் கொடி உயர்த்துகிறது. கொடி கண்டு படிக்கும் மற்றொன்றுக்குப் பழைய செய்தியே கிட்டலாம். எப்போதோ நேரும், தேடும்போது நேராது!

இதைத் தடுக்கும் கட்டளைக்குப் பெயரே வேலி. (ஆங்கிலரும் அவ்வாறே அழைக்கின்றனர், நமக்குத்தான் சொல் இல்லையாம்!) எழுதுவது கொடி உயர்த்துமுன் வேலியிட வேண்டும், படிப்பது கொடியைக் கண்டபின் இட வேண்டும். ஒருபுறம் மட்டும் இட்ட வேலி இடாத வேலியே. அஞ்சியஞ்சி அடிக்கொரு வேலி நடுவாரும் உளர். அவர் நிரல் நத்தையாய் ஊரும். எந்த வேலிக்கு எது இணை என்று குறிப்பெழுதாத நிரலை ஏற்காதீர். இலினக்சுக் கருவினரும் அக்குறிப்பைக் கேட்கின்றனர்.